குடும்பத்தில் ஒருவருக்கு தைராய்டு புற்றுநோய்னா மற்றவர்களுக்கும் வருமா? உப்பு காரணமா, பரம்பரையா?

உடல் எடை குறைய வாரத்துக்கு ஒரு ஊசி. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தது, ஜூனில் வெகோவி வந்தது. அதற்குப் பிறகு சர்க்கரை டாக்டர்களிடம் போகிறவர்கள் "எனக்கும் அந்த ஊசி போடலாமா?" என்று கேட்பது சாதாரணமாகிவிட்டது. பதிலுக்கு டாக்டர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு: "உங்க குடும்பத்துல யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருக்கா?"

இது சும்மா ஃபார்ம் நிரப்புறதுக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. 'மெடுல்லரி' என்ற வகை தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்திருந்தால் இந்த ஊசியைப் போடக்கூடாது என்று அந்த மருந்துகளின் எச்சரிக்கைக் குறிப்பிலேயே இருக்கு. எலிகளுக்கு இந்த வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது தைராய்டில் கட்டி வந்ததுதான் காரணம். மனிதர்களிடம் அப்படி நடப்பதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் அந்த நோய்க்கான மரபணுவோடு பிறந்தவர்களிடம் சோதித்துப் பார்க்க யாரும் தயாரில்லை.

சரி, ஊசியை விடுங்க. தாத்தாவுக்கு வந்த கட்டிக்கும் பேரனின் கழுத்துக்கும் என்ன சம்பந்தம்? எல்லா தைராய்டு புற்றுநோயும் பரம்பரையா வருமா?

உப்பு விளையும் ஊரில் இருந்து தொடங்குவோம்

வேதாரண்யத்தில் இருந்து கோடியக்கரை சுமார் 10 கிலோமீட்டர். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறிய மண் அது. இன்றைக்கும் அங்கே உப்பளங்கள்தான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு என்றாலே வேதாரண்யம்தான்.

தைராய்டு என்றதும் நம்ம ஊர்ல பலருக்கு முதலில் ஞாபகம் வருவதும் உப்புதான். "அயோடின் கலந்த பாக்கெட் உப்பு வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு தைராய்டு" என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு மெசேஜ் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை நம்பி கல்லுப்புக்கு மாறியவர்களும் உண்டு.

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கு. "எனக்கு தைராய்டு இருக்கு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஹார்மோன் குறைவாகவோ கூடுதலாகவோ சுரக்கும் பிரச்சனை. (தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கு. கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் சுரப்பி அது.) இந்த ஹார்மோன் பிரச்சனையும் குடும்பங்களில் தொடர்ந்து வரும்தான், ஆனா அது புற்றுநோய் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிற அம்மாவைப் பார்த்து மகள் புற்றுநோய்க்குப் பயப்படத் தேவையில்லை.

அடுத்தது உப்பு. கடல் தண்ணீரில் விளைவதாலேயே அதில் அயோடின் இருக்கும் என்று நினைப்போம். உப்பளப் பாத்தியில் விளையும் உப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிக மிகக் குறைவு. அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைத் தெளிக்கிறார்கள். கடையில் வாங்கும்போது பத்து லட்சத்துக்கு குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்கணும் என்பது விதி. அயோடின் கலக்காத உப்பை மனிதர்கள் சாப்பிட விற்பதற்கு 2006-ல் நாடு முழுக்க தடை வந்தது. அயோடின் இல்லாவிட்டால் முன்கழுத்துக் கழலை வரும், கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

புற்றுநோய்க்கு வருவோம். அயோடின் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் 'ஃபாலிகுலர்' என்ற வகையின் பங்கு கூடுதலாக இருக்கும். அயோடின் போதுமான அளவு கிடைக்க ஆரம்பித்த பிறகு 'பாப்பில்லரி' வகையின் பங்கு கூடும். பாப்பில்லரி, பொதுவாக இவற்றில் குணப்படுத்த சுலபமான வகை. ஆக, பாக்கெட் உப்பைத் தூக்கிப் போடுறதால ஒரு லாபமும் இல்லை.

ஒரே பெயர், வேற வேற நோய்

தைராய்டு புற்றுநோய் என்று ஒரே பெயரில் சொன்னாலும், பரம்பரை என்ற கேள்வி வந்ததும் அது இரண்டாகப் பிரிந்துவிடும். இங்கேதான் நிறைய குடும்பங்கள் குழம்புகின்றன.

பத்தில் எட்டுக்கும் மேல் பாப்பில்லரி வகை. பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஆண்களைப் போல சுமார் மூன்று மடங்கு. சிகிச்சை எடுத்தவர்களில் பத்து வருஷம் கழித்தும் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு இருக்கிறார்கள்.

இன்னொன்று மெடுல்லரி. நூறில் நாலைந்து பேருக்குத்தான். தைராய்டுக்குள் 'சி செல்கள்' என்று கொஞ்சம் செல்கள் உண்டு, கால்சிடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பவை. அதில் தொடங்கும் புற்றுநோய் இது. இந்த செல்கள் அயோடினை உறிஞ்சாது. அதனால் பாப்பில்லரிக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் சிகிச்சை இதில் வேலை செய்யாது. சீக்கிரம் கண்டுபிடித்து ஆபரேஷனில் முழுசா எடுப்பதுதான் வழி. எண்ணிக்கையில் சின்னதாக இருந்தாலும், பரம்பரைக் கதையில் பெரிய வில்லன் இதுதான். மெடுல்லரி வந்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு அது பிறப்பிலேயே வந்த மரபணு மாற்றத்தால் வருகிறது.

'ரெட்' மரபணு செய்யும் வேலை

அந்த மரபணுவின் பெயர் ரெட். 10-வது குரோமோசோமில் இருக்கு. செல்லுக்கு "வளரு" என்று கட்டளை போகும் பாதையில் இது ஒரு சுவிட்ச் மாதிரி. தேவைப்படும்போது ஆன் ஆகி, பிறகு ஆஃப் ஆகணும். மாற்றம் ஏற்பட்ட ரெட், ஆன் ஆனபடியே நின்றுவிடும். சி செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

ஒரே குடும்பத்தில் தைராய்டு புற்றுநோயும், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கட்டியும் சேர்ந்து வருவதை 1961-லேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். இதற்குக் காரணம் ரெட் என்று கண்டுபிடித்தது 1993-ல். இந்தக் குடும்ப நோய்க்கு எம்இஎன்-2 என்று பெயர். அதில் 2ஏ, 2பி என்று பிரிவுகள். 2பி-தான் கடுமையானது. உதட்டிலும் நாக்கிலும் சின்னச் சின்ன முடிச்சுகள், ஒல்லியா நெட்டையான உடம்பு என்று குழந்தையாக இருக்கும்போதே சில அடையாளங்கள் தெரியலாம்.

அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு இந்த மாற்றம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற வித்தியாசம் கிடையாது. "தைராய்டு பொம்பளைங்க வியாதி" என்ற பேச்சு இங்கே செல்லாது.

சொந்தத்தில் கல்யாணம் பண்ணியதால் வந்ததா என்ற கேள்வியும் கட்டாயம் வரும். தமிழ்நாட்டில் நெருங்கிய சொந்தத்துக்குள் திருமணம் செய்த பெண்கள் சுமார் 28 சதவீதம் என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் கூடுவது, இரண்டு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். பிறவியிலேயே தைராய்டு ஹார்மோன் சுரக்காத சில குறைபாடுகள் அப்படிப்பட்டவை. ரெட் அப்படி இல்லை. ஒரு பக்கமிருந்து ஒரே ஒரு பிரதி வந்தாலே நோய்தான். அத்தை மகளைக் கட்டினாலும் சரி, அசலூர்ப் பெண்ணைக் கட்டினாலும் சரி, ரெட் மாற்றம் உள்ள அப்பாவின் பிள்ளைக்கு அதே 50 சதவீதம்தான். அதனால இதுக்காக மாமியார் வீட்டையோ சம்பந்தி வீட்டையோ குறை சொல்லி சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

கோடியக்கரையில் ஒரு குடும்பம் என்று வச்சுக்குவோம்

ஒரு உதாரணத்துக்கு. உப்பளத்தில் வேலை பார்க்கும் 45 வயது அப்பா. கழுத்தில் கட்டி. ஊசி போட்டு செல் எடுத்துப் பார்த்ததில் மெடுல்லரி என்று ரிப்போர்ட் வருது. அவருக்கு ஒரு தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஒரு தங்கச்சியை முத்துப்பேட்டையில் கட்டிக்கொடுத்திருக்கு. இவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளுக்கு ஆறு வயசு.

கட்டியை எடுத்தாச்சு, கவலை முடிஞ்சதுன்னு பல வீடுகளில் இதோடு விட்டுவிடுவார்கள். இங்கேதான் தப்பு நடக்குது.

முதலில், ஆபரேஷனுக்கு முன்னாடியே அப்பாவுக்கு அட்ரீனல் கட்டி இருக்கா என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ பார்க்கணும். எம்இஎன்-2 உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு அது வரும். திடீர்னு படபடப்பு, வியர்வை, மண்டையைப் பிளக்கும் தலைவலி, எகிறும் பிபி எல்லாம் அதன் அறிகுறி. அது இருப்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிருக்கு ஆபத்து.

அடுத்து, அப்பாவுக்கு ரெட் மரபணு பரிசோதனை. "எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லையே, எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்கலாம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மாதிரி தெரிகிற மெடுல்லரி நோயாளிகளிலும் நூறில் சிலருக்கு பரம்பரை ரெட் மாற்றம் இருக்கத்தான் செய்யுது. அதனால்தான் மெடுல்லரி என்று உறுதியான எல்லோருக்குமே இந்தப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்க தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்லுது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை தென்னிந்தியாவில் தாங்கள் பார்த்த மெடுல்லரி நோயாளிகள் பற்றிய 20 ஆண்டு அனுபவத்தை 2007-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. இது நம்ம பக்கம் இல்லாத நோய் இல்லை.

அப்பாவுக்கு ரெட் மாற்றம் இல்லை என்று வந்தால் தம்பி, தங்கச்சி, பிள்ளைகள் பெரும்பாலும் நிம்மதியா இருக்கலாம். இருக்கு என்று வந்தால், எந்த இடத்தில் மாற்றம் என்று ரிப்போர்ட்டில் ஒரு எண் இருக்கும். மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முழு ஜீனையும் தேடும் செலவு அவர்களுக்கு வராது.

இந்த எண்ணை வைத்துத்தான் அவசரம் முடிவாகிறது. 918 என்ற இடத்தில் மாற்றம் என்றால் மிக அதிக ஆபத்து, குழந்தைக்கு ஒரு வயதுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறது அந்த வழிகாட்டுதல். 634 என்றால் ஐந்து வயதிலோ அதற்கு முன்போ. வேறு சில இடங்கள் என்றால் கால்சிடோனின் அளவைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு, அது ஏறத் தொடங்கும்போது ஆபரேஷன்.

ஒரு நோயும் இல்லாமல் ஓடி விளையாடும் ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆபரேஷனா என்று எந்த அம்மாவுக்கும் வயிறு பகீர்னு ஆகும். ஆனால் இதற்கு விடை கையில் இருக்கு. மரபணு பரிசோதனையை வைத்து முன்கூட்டியே தைராய்டை எடுத்த 19 வயது வரையிலான 50 பேரை அமெரிக்க மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கும் மேல் கழித்துப் பார்த்ததில் 44 பேரிடம் புற்றுநோயின் அடையாளமே இல்லை. எட்டு வயதுக்குள் ஆபரேஷன் ஆனவர்களிடம் பலன் இன்னும் நன்றாக இருந்தது. அதற்குப் பதிலாக ஆயுசு முழுக்க தினம் ஒரு தைராக்சின் மாத்திரை. பாராதைராய்டு சுரப்பி பாதித்தால் கால்சியம் மாத்திரையும் சேரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷனில் அனுபவம் உள்ள சர்ஜன் கட்டாயம் தேவை.

பாதிப் பிள்ளைகளுக்கு டெஸ்டில் "இல்லை" என்றும் வரும். அவர்களுக்கு ஆபரேஷனும் வேண்டாம், வருஷா வருஷம் ஸ்கேனும் வேண்டாம்.

பாப்பில்லரி என்றால் கதை வேற

அதே அப்பாவுக்கு பாப்பில்லரி என்று ரிப்போர்ட் வந்திருந்தால்? ரெட் மாதிரி ஒற்றை மரபணு காரணமாக இருப்பது இதில் அபூர்வம். குடல் முழுக்க கட்டி வரும் குடும்ப நோய், கௌடன் நோய் போன்ற சில அரிய பரம்பரை நோய்களோடு சேர்ந்து வருவதுண்டு. அந்தக் குடும்பங்களில் குடல், மார்பகம், கருப்பை என்று மற்ற கட்டிகளின் வரலாறும் இருக்கும்.

மற்றபடி நிறைய மரபணுக்களின் சின்னச் சின்ன வேறுபாடுகள் கூடி வேலை செய்கின்றன. ஐஸ்லாந்து மக்களிடம் தொடங்கி 2009-ல் வெளியான ஆய்வில் ஃபாக்ஸ்-இ1, என்கேஎக்ஸ்2-1 என்ற மரபணுக்களின் பக்கத்தில் இப்படி இரண்டு வேறுபாடுகள் தெரிந்தன. கருவில் தைராய்டு உருவாகவே தேவைப்படும் மரபணுக்கள் இவை. இரண்டு வேறுபாட்டையும் இரண்டு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, ஒன்றுகூட இல்லாதவர்களைவிட ஆபத்து சுமார் 5.7 மடங்கு.

5.7 மடங்கு என்றதும் பயமா இருக்கும். எதன் மடங்கு என்று பார்க்கணும். இந்தியாவில் சராசரியாக ஒரு லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒற்றை இலக்கத்தில்தான் தைராய்டு புற்றுநோய் வருது. அதை ஐந்தாறு மடங்காக்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு வராது. தவிர, அந்தக் கணக்கு ஐரோப்பியர்களை வைத்துப் போட்டது. டெல்டாக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எச்சில் அனுப்பினால் எல்லா புற்றுநோய்க்கும் ஆபத்து சொல்கிறோம் என்று ஆன்லைனில் வரும் கிட்களை இந்த விஷயத்தில் நம்பிப் பணம் கட்டாதீங்க.

ஒரு முக்கியமான குழப்பத்தையும் சொல்லிடணும். பயாப்ஸி ரிப்போர்ட்டில் "பிராஃப் பாசிட்டிவ்" என்று இருப்பதைப் பார்த்து, பிள்ளைகளுக்கும் வந்துடுமோ என்று அழும் குடும்பங்கள் உண்டு. பிராஃப் என்பது கட்டிக்குள் மட்டும் பிறகு ஏற்பட்ட மாற்றம். பிள்ளைகளுக்குப் போகாது. பாப்பில்லரி கட்டியில் சில நேரம் ரெட் என்ற பெயரும் வரும், அதுவும் கட்டிக்குள் ஏற்பட்ட ஒட்டுதான். கட்டியில் எடுத்த டெஸ்டா, கையில் குத்தி எடுத்த ரத்தத்தில் பார்த்த டெஸ்டா என்று கேளுங்க. பரம்பரையைச் சொல்வது ரத்த டெஸ்ட்.

எல்லோரும் ஸ்கேன் எடுத்துடலாமா?

வேண்டாம். தென்கொரியா இதைச் செய்து பார்த்தது. 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது, கூடவே மலிவாக தைராய்டு ஸ்கேனும் பலர் எடுத்துக்கொண்டார்கள். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கணக்கு 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. இறந்தவர்களின் எண்ணிக்கையில் மட்டும் மாற்றமே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுக்க தொந்தரவே செய்திருக்காத குட்டிக் கட்டிகளைத் தேடிப் பிடித்து, ஆயிரக்கணக்கானவர்களின் தைராய்டை எடுத்திருக்கிறார்கள். 2014-ல் அங்குள்ள மருத்துவர்களே எதிர்ப்புத் தெரிவித்த பிறகுதான் ஆபரேஷன்கள் குறைந்தன.

அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் என்ற வட்டத்தில் இரண்டு பேருக்கோ அதற்கு மேலோ பாப்பில்லரி வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லி, கழுத்தைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கலாம். சின்ன வயதில் கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும் அப்படியே. மற்றவர்கள் கழுத்தில் புதுசா கட்டி, வாரக்கணக்கில் போகாத குரல் கம்மல், விழுங்குவதில் சிரமம் வந்தால் காட்டினால் போதும்.

டெஸ்ட் எங்கே, எப்படி?

கோடியக்கரையில் இருந்து வேலூருக்கோ சென்னைக்கோ குடும்பத்தோடு கிளம்பிப் போகணுமா? மரபணு டெஸ்டுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. சாதாரண ரத்த மாதிரிதான், ஊரில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம். ஆனா ரிசல்ட்டை விளக்கிச் சொல்ல மரபணு ஆலோசனை தெரிந்த டாக்டர் வேணும். வேலூர் சிஎம்சி, அடையாறு புற்றுநோய் நிலையம் போன்ற இடங்களில் அந்த அனுபவம் உண்டு. நாகப்பட்டினத்தில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, திருவாரூர், தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதல் கட்ட ஸ்கேன், ஊசி பரிசோதனைக்குப் போகலாம். அங்கே போகும்போது பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டை, இறந்துபோனவருடையதா இருந்தாலும், கையோடு எடுத்துட்டுப் போங்க. "தாத்தாவுக்கு கழுத்துல கேன்சர்" என்பதைவிட, அந்தப் பேப்பரில் எழுதியிருக்கும் வகையின் பெயர்தான் டாக்டருக்கு வேணும்.

எல்லாம் சரி, நம்ம வீடுகளில் பெரிய தடை பணமும் தூரமும் மட்டும் இல்லை. "பொண்ணுக்கு வரன் பார்த்துட்டு இருக்கோம், இப்போ போய் இதை வெளியே சொன்னா?" என்ற பயம். அதனால் அப்பாவின் ரெட் ரிப்போர்ட் பீரோவிலேயே கிடக்கும், முத்துப்பேட்டை அத்தைக்குத் தெரியாது, திருப்பூர் சித்தப்பாவுக்குத் தெரியாது. இந்தப் பயத்தை அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மரபணுவைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. மரபணுக் கோளாறு என்று சொல்லி இன்சூரன்ஸ் மறுத்த ஒரு வழக்கில், அப்படிப் பாகுபாடு காட்டுவது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2018-ல் சொன்னதோடு சரி.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனா அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லணும். அவங்க வீட்டிலும் ஐந்து, ஆறு வயசில் பிள்ளைகள் இருக்கலாம்.